உதயம்பேரூரில் கூடியது மாநாடு அல்ல

கேரளத்தில் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்காக 1599இல் கூட்டப்பட்ட திருச்சபைக் கூட்டத்தை ‘உதயம்பேரூர் மாநாடு’ என்று எழுதியிருப்பதைப் போன வாரம் மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். கூடவே ‘மாநாட்டில் நிறைவேறிய தீர்மானங்கள்’ என்றும் இருந்தது. இரண்டுமே தவறு.

இத்தகைய கூட்டத்தை ஆங்கிலத்தில் synod என்பார்கள். அதன் மூலச்சொல் கிரேக்கம். ‘சின்’ என்றால் கூட, ‘ஹொதொஸ்’ என்றால் வழி. சுரியானி வழியாக மலையாளத்தில் சூனஹதோஸ் ஆனது. நம் பக்கம் சினோடு.

மாநாடு என்றால் நமக்குப் பந்தல், பேச்சாளர்கள், கைதட்டல், கடைசியில் தீர்மானம். அந்தத் தீர்மானத்தை மீறியவரை யாரும் தண்டிப்பதில்லை. 1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் நடந்தது அப்படியா? கோவாவின் போர்த்துகீசியப் பேராயர் மெனேசிஸ் விதிகளை முன்பே எழுதிக் கொண்டுவந்தார். அங்கமாலி மறைமாவட்டத்தின் கத்தனார்களும் (சுரியானி மரபுக் குருக்கள்) ஊர்ப் பிரதிநிதிகளும் அவை மலையாளத்தில் வாசிக்கப்பட்டதைக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள். மணமான குருக்கள் மனைவியை விட்டு விலக வேண்டும். ஆண்கள் காது குத்தக்கூடாது. ஓணக் கொண்டாட்டத்தில் சேரக்கூடாது. ‘தாழ்ந்த’ சாதியாரைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி நல்லதுதான், ஆனால் அதுவும் மேலிருந்து வந்த கட்டளையே. பல விதிகளை மீறினால் திருச்சபை விலக்கு காத்திருந்தது. இதை மாநாடு என்றால் அந்த மக்களே உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. அப்புறம் 1653இல் மட்டாஞ்சேரியில் போர்த்துகீசியரின் திருச்சபை அதிகாரத்தை எதிர்த்துக் கூனன் குரிசுச் சத்தியம் ஏன் எழுந்தது என்பதே வாசகருக்குப் புரியாது.

‘சங்கம்’ எனலாமா? திரிதெந்து (Trent), வத்திக்கான் என்று கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்குமாகக் கூடிய பொதுச்சங்கங்களுக்கு அது நிலைத்துவிட்டது. மறைமாவட்டந்தோறும் ஆண்டுதோறும் சினோடு கூட்டச் சொன்னதே திரிதெந்துச் சங்கம்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம். சினோடு என்றே விடலாம் என்றால், தென்னிந்தியத் திருச்சபையில் அது முழுத் திருச்சபைக்குமான உச்ச அவையின் பெயர்.

என் தேர்வு ‘மறைமாவட்ட மாமன்றம்’. நீதிமன்றம், சட்டமன்றம் என்று மன்றத்துக்குத் தமிழில் ஆணையிடும் அதிகாரம் உண்டு. மாமன்றம் மாநகராட்சிக்கு உரியதாயிற்றே என்பார்கள். முன்னால் ‘மறைமாவட்ட’ என்று இருக்கும்போது யாரும் மேயரைத் தேடமாட்டார்கள்.

அப்படியே ‘தீர்மானங்கள்’ என்பதையும் ‘விதிகள்’ என்று மாற்றுங்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்று பார்ப்பதில்லை.