சர்க்கரையை விட்டாச்சு, சீனி மட்டும்தான்

சென்னையில் படித்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் உணவு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிது. அறுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்திருந்தார். மாத்திரையை ஒருவேளை கூட விடவில்லை, சோற்றையும் பாதியாக்கியிருந்தார். ஆனாலும் மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1இலிருந்து 9.3 ஆகியிருந்தது.

"சர்க்கரையை நீங்க சொன்ன அன்னைக்கே விட்டாச்சும்மா."

"அப்போ காபிக்கு?"

"சீனிதான். ரெண்டு கரண்டி."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்குச் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. ரேஷன் கடையும் அப்படித்தான் சொல்கிறது, சர்க்கரை ஆலை என்ற பெயர்ப் பலகையும் அதையே சொல்கிறது. தென்மாவட்ட வீடுகளில் வெள்ளையாக, மணல் மணலாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பாக இருக்கும் நாட்டுச் சர்க்கரை. இலங்கைத் தமிழிலும் வெள்ளைக்குப் பெயர் சீனிதான்; நீரிழிவு நோயையே பேச்சில் 'சீனி வருத்தம்' என்பார்கள். யோசித்தால் ஆச்சி பக்கம்தான் நியாயம். சர்க்கரைப் பொங்கலில் நாம் போடுவது வெல்லத்தைத்தானே!

இதே குழப்பம் தலைகீழாகவும் வரும். "சீனியைத் தொடுவதே இல்லை, கருப்பட்டிக் காபிதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் வாரத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள். நாட்டுச் சர்க்கரை கரும்பிலிருந்து வருகிறது, கருப்பட்டி பதநீரிலிருந்து. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி. வெல்லத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இரும்புச் சத்து இருக்கிறதே என்பார்கள். காபிக்குப் போடும் இரண்டு கரண்டியில் எவ்வளவு வந்துவிடப் போகிறது? கருப்பட்டியின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம். ரத்தத்துக்கு நிறம் தெரியாது.

பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. சென்னையில் கொத்தவரங்காய் என்பதை இங்கே சீனியவரைக்காய் என்கிறார்கள். பெயரில் சீனி இருக்கிறதே என்று ஒருவர் அதை ஒதுக்கியே வைத்துவிட்டார். நார்ச்சத்து நிறைந்த காய் அது, தாராளமாகச் சாப்பிடலாம். சீனிக்கிழங்கு எனப்படும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்படியில்லை. அதில் மாவுச்சத்து அதிகம், அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

இப்போதெல்லாம் "சர்க்கரையை நிறுத்துங்கள்" என்று நான் சொல்வதில்லை. "காபியில் என்ன போடுகிறீர்கள், எத்தனை கரண்டி?" என்று கேட்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லியே நிறுத்தச் சொல்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நானே சீனி சாப்பிடச் சொல்வேன். "சர்க்கரை குறைந்திருக்கிறது" என்றால் சிலர் நல்ல செய்தி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் அது ஆபத்து. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இன்சுலின் போடுகிறவர்களின் சீட்டில் இதை எழுதும்போது, 'சீனி' என்பதற்குப் பக்கத்தில் 'வெள்ளை' என்றும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.