பிடிக்காத முதலாளியை லீக் வெளியே தள்ள முடியுமா?

பார்ட்னர்ஷிப் பத்திரமும் பங்குதாரர் ஒப்பந்தமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்களைவிட, ஆரம்பித்து சில வருஷம் ஓட்டிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். "எங்க மூணு பேருக்குமே அவரோட ஒத்துப்போகலை சார், வெளியே அனுப்பிடலாம்ல?" என்பார்கள். மூன்று பேர் ஒரு பக்கம், அவர் ஒருவர் மட்டும் ஒரு பக்கம், அப்புறம் என்ன தடை என்று நினைப்பு. தடை இருக்கிறது. அதைப் புரியவைக்க நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 2014-ல் நடந்த கதை.

லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியின் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங். 1981-ல் சுமார் 12.5 மில்லியன் டாலருக்கு அணியை வாங்கியவர். சான் டியாகோவில் இருந்த அணியை 1984-ல் லீக்கின் அனுமதியே இல்லாமல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனவர். வீடு வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாடு காட்டினார் என்று அமெரிக்க நீதித்துறையே அவர்மேல் வழக்குப் போட்டு, 2009-ல் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டார். இவ்வளவு நடந்தும் லீக் அவரை வெளியே தள்ளவில்லை. ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்காது, வீரர்களுக்குப் பிடிக்காது, மற்ற முதலாளிகளிலும் பலருக்கு அவர் தலைவலிதான். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

2014 ஏப்ரல் கடைசியில், கறுப்பினத்தவரை என் ஆட்டத்துக்கு அழைத்து வராதே என்று அவர் ஒரு பெண்ணிடம் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. பிளேஆஃப் நடந்துகொண்டிருந்த நேரம். கிளிப்பர்ஸ் வீரர்கள் அணியின் பெயர் தெரியாதபடி பயிற்சிச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எதிரணியான கோல்டன் ஸ்டேட் வீரர்கள், அடுத்த ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறிந்ததும் களத்தைவிட்டு இறங்கிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். கியா, ஸ்டேட் ஃபார்ம், கார்மேக்ஸ் என்று ஸ்பான்சர்கள் வரிசையாக விலகினார்கள். ஏப்ரல் 29 அன்று, பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத கமிஷனர் (லீக்கின் தலைமை நிர்வாகி) ஆடம் சில்வர், ஸ்டெர்லிங்குக்கு ஆயுள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். அவருடைய அதிகாரத்தில் விதிக்கக்கூடிய உச்ச அபராதமே அவ்வளவுதான். உரிமையைப் பறிக்க அவரால் முடியாது. அது மற்ற முதலாளிகளின் ஓட்டு, நாலில் மூன்று பங்கு வேண்டும்.

இங்கேதான் வக்கீல் மூளை கொஞ்சம் விழித்துக்கொள்ளும். எதன் அடிப்படையில் ஓட்டு? லீக்குக்கு ஒரு சட்டதிட்டப் புத்தகம் இருக்கிறது, அதுவரை வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள், இந்த விவகாரத்தில்தான் பொதுவில் வெளியிட்டார்கள். அதன் 13-ஆம் பிரிவில் ஓர் உறுப்பினரை எப்போது நீக்கலாம் என்ற பட்டியல் இருக்கிறது: சூதாட்டம், பணம் கட்டாமல் இருப்பது, லீக்கோடு செய்த ஒப்பந்தங்களை மற்றவர்களுக்குப் பாதகமாக மீறுவது என்று போகும். "மோசமான ஆள்" என்று அதில் எங்கும் இல்லை. ஆகவே லீக் ஒப்பந்த மீறலைப் பிடித்துக்கொண்டது. அணி உரிமையாளர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில், லீக்குக்கும் அணிக்கும் பெரிய பாதிப்பு உண்டாக்கும் நிலைப்பாடு எடுக்க மாட்டோம் என்ற உறுதி இருந்தது. அதை மீறிவிட்டாய் என்பதுதான் குற்றச்சாட்டு. ஸ்டெர்லிங் தரப்பு, வீட்டுக்குள் பேசிய தனிப்பட்ட பேச்சு, எனக்குத் தெரியாமல் பதிவு செய்தது கலிஃபோர்னியா சட்டப்படி தப்பு என்றெல்லாம் வாதாடியது. நல்ல வாதம்தான், கிரிமினல் கோர்ட்டில் எடுபட்டிருக்கலாம். ஆனால் இது தனியார் சங்கத்தின் உள்விசாரணை, அதன் முடிவே இறுதியானது, கோர்ட்டுக்குப் போகும் உரிமையை உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றும் அதே புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

விசாரணை ஜூன் 3 என்று நாள் குறித்தாகிவிட்டது. அந்த விசாரணை நடக்கவே இல்லை! அணி ஸ்டெர்லிங்கின் பெயரில் நேரடியாக இல்லை, ஒரு குடும்ப டிரஸ்டில் இருந்தது. அவரும் மனைவி ஷெல்லியும் அறங்காவலர்கள். இரண்டு மருத்துவர்கள் ஸ்டெர்லிங்குக்கு விவகாரங்களைக் கவனிக்கும் மனத்திறன் இல்லை என்று சொல்ல, டிரஸ்ட் பத்திரத்தில் இருந்த ஷரத்துப்படி அவர் அறங்காவலர் பதவியை இழந்தார், ஷெல்லி தனியாகவே மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மருக்கு 200 கோடி டாலருக்கு அணியை விற்றார். லீக்மேல் 100 கோடி டாலர் கேட்டு ஸ்டெர்லிங் வழக்குப் போட்டார். ஷெல்லி விற்றது செல்லும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிபதி ஜூலையில் சொன்னார். ஆகஸ்ட் 12 அன்று விற்பனை முடிந்தது. லீக் தன் கையால் யாரையும் தள்ளவில்லை, மிரட்டி வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது, கடைசித் தள்ளு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

அதற்குப் பிறகும் அப்படியேதான். ஃபீனிக்ஸ் சன்ஸ் முதலாளி ராபர்ட் சார்வர், 2022-ல் ஒரு வருஷத் தடையும் 1 கோடி டாலர் அபராதமும் வாங்கினார். பேபால் நிறுவனம் அவர் இருந்தால் ஸ்பான்சர்ஷிப்பைத் தொடர மாட்டோம் என்றது, சில நாளில் அவரே விற்கிறேன் என்றார். அமெரிக்கக் கால்பந்தில் வாஷிங்டன் அணியின் டான் ஸ்னைடரை 32 முதலாளிகளில் 24 பேர் ஓட்டுப் போட்டு நீக்கியிருக்கலாம். அந்த ஓட்டும் நடக்கவில்லை, 2023-ல் 605 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். காரணம் சுலபம்: இன்றைக்கு அவனுக்கு எதிராகக் கை தூக்கினால் நாளைக்கு எனக்கு எதிராகவும் தூக்குவார்களே என்ற பயம் ஒவ்வொரு முதலாளிக்கும் உண்டு. ஸ்டெர்லிங் விவகாரத்திலேயே டல்லஸ் அணியின் மார்க் கியூபன் இது ரொம்ப வழுக்கலான சரிவு என்று எச்சரித்தார்.

சரி, வெறுமனே ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை, வேறு எந்த ஒப்பந்த மீறலும் இல்லை என்றால்? பேஸ்பாலில், அப்போது ஓக்லண்டில் இருந்த ஏ'ஸ் அணியின் முதலாளி ஜான் ஃபிஷரைப் பாருங்கள். 2023 ஜூனில் 27,000-க்கும் மேற்பட்டவர்கள் மைதானத்துக்கு வந்து, பலர் "விற்றுவிடு" என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு, கத்தினார்கள். அதே வருஷம் நவம்பரில் லீக்கின் முதலாளிகள் கூடி, அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோக 30-க்கு 0 என்று அவருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள்.

ஐ.பி.எல். கதை வேறு மாதிரி. சென்னை, ராஜஸ்தான் விவகாரத்தில் கிரிக்கெட் வாரியம் தானாக எதுவும் செய்யவில்லை, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுதான் 2015 ஜூலையில் இரண்டு வருஷத் தடை விதித்தது, அதுவும் தடைதான், நீக்கம் இல்லை. (2018-ல் சென்னை திரும்பி வந்து கோப்பையையும் தூக்கியது நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.) வாரியம் உண்மையிலேயே அணியை ரத்து செய்ததற்கு ஓர் உதாரணம் கொச்சி, 2011-ல், ஒரே சீசன் ஆடி முடித்த பிறகு. பேங்க் கேரண்டி கொடுக்கவில்லை என்பது காரணம். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மத்தியஸ்தத்தில் வாரியம் தோற்றது. கெடு தாண்டிய பிறகு வாரியம் நடந்துகொண்ட விதத்திலேயே அந்த நிபந்தனையை விட்டுக்கொடுத்துவிட்டது என்று தீர்ப்பு. 538 கோடி ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும் என்ற அந்த முடிவில் தலையிட 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

என்னிடம் வருகிற பார்ட்னர்கள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான். ஒருவர் முதல் போடவேண்டிய தேதியில் போடவில்லை, கணக்குக் காட்டவில்லை, எல்லோரும் சும்மா இருந்தார்கள், தீபாவளிக்கு லாபத்தையும் பிரித்துக் கொடுத்தார்கள். ரெண்டு வருஷம் கழித்துச் சண்டை வந்ததும் அந்தப் பழைய தவறைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தவறு நடந்தபோதே ஒரு கடிதம், குறைந்தபட்சம் ஒரு இமெயில், "இதை நாங்கள் ஏற்கவில்லை, எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அனுப்பியிருந்தால் கதையே வேறு.

நம் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1932-ஆம் வருஷத்து இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம், 33-ஆம் பிரிவு: எத்தனை பேர் சேர்ந்தாலும் பெரும்பான்மையை வைத்து ஒரு பார்ட்னரை நீக்க முடியாது. ஒப்பந்தத்திலேயே அந்த அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும், அதை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தவும் வேண்டும். பத்திரத்தில் வரி இல்லை என்றால் மூன்று பேர் வெறுப்புக்கும் முப்பது பேர் வெறுப்புக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. வரி இருந்தும், அவருக்கு நோட்டீஸ் கொடுக்காமல், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல், அவர் பங்கை அடிமாட்டு விலைக்கு அமுக்கும் நோக்கத்தில் நீக்கினால் அதுவும் நிற்காது. என்.பி.ஏ. அவ்வளவு கோபத்திலும் எழுத்தில் குற்றச்சாட்டு, பதிலுக்கு அவகாசம், விசாரணை நாள் என்று வரிசையாகப் போனது இதனால்தான்.

பத்திரம் எழுதும்போது "இதெல்லாம் எதுக்கு சார், நாங்க அண்ணன் தம்பி மாதிரி" என்று நீக்கும் ஷரத்தை அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அடிப்பதில்லை, வாதாடுவேன். அதைவிட முக்கியமாக, வெளியே போகிறவருக்கு எவ்வளவு, யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் கொடுப்பது என்று எழுத வைப்பேன். ஸ்டெர்லிங் குடும்பத்துக்குக் கிடைத்தது 200 கோடி டாலர், அதனால் காயம் ஆறியிருக்கலாம். நம்மூர் அரிசி மண்டியிலோ பிரிண்டிங் பிரஸ்ஸிலோ அந்த மாதிரி வாங்க வரும் பால்மர் கிடையாது. கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், 37-ஆம் பிரிவின்படி, மாற்று ஏற்பாடு எழுதியிருந்தால் ஒழிய, வெளியே போனவர் தன் பங்கால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்டு வழக்குப் போடலாம், போடவும் செய்கிறார்கள்.