கிளாம்புக்கு அடியில் அரிக்கும் பிரேக் பைப்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து காப்பி மூட்டையோடு அடிவாரத்துக்கு இறங்குகிற பழைய பிக்கப் வண்டியின் பிரேக், சேஸிஸ் ஓரமாக ஓடும் மெல்லிய இரும்புக் குழாயை நம்பியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதன் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்.

பெடலை மிதித்ததும், அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் என்ற பம்பு பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் அந்த அழுத்தம் அப்படியே பின்சக்கரம் வரை போய், பிரேக் ஷூவை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு சேர்த்து அழுத்துகிறது. பலமாக மிதித்தால் குழாய்க்குள் அழுத்தம் 70 முதல் 100 பார் வரை ஏறும். கார் டயருக்குள் இருப்பதோ 2 பார் சொச்சம்தான்.

இந்தக் குழாயின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு உண்டு. எஸ்டேட் பாதையில் சல்லி தெறித்துத் தெறித்து அது உரிந்துவிடும். ஆனாலும் திறந்த பகுதி மழை விட்டதும் காய்ந்துவிடுகிறது. மோசமாக அரிப்பது, குழாயைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில். அங்கே புகுந்த சேறு நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இடுக்கின் உள்ளே ஆக்சிஜன் குறைவு, வெளி ஓரத்தில் அதிகம். இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலமாக வேலை செய்து, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில் இரும்பைக் கரைக்கிறது. குளோரைடு சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பிலிருந்து அது வருகிறது. இங்கே அந்த உப்பு இல்லை, சரி. ஆனால் தோட்டத்துக்கு ஏற்றிப் போகும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடுதானே! மூட்டையிலிருந்து சிந்தியது மழைநீரில் கரைந்து கீழே வடிந்தால் அதே வேலையைச் செய்யும். கிளாம்பைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிரும். அதற்கடியில் குழாய் குழி விழுந்திருக்கும். இரண்டு விரல் தள்ளிப் பார்த்தால் அதே குழாய் நன்றாகத் தெரியும். மேலோட்டமாகப் பார்த்து நம்பக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

உள்ளே இருந்தும் ஆபத்து வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தர விதிப்படி டாட் 3 என்ற வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரி. இறக்கத்தில் கீழ் கியர் போடாமல் பிரேக்கிலேயே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தினால் சுருங்கும், அதனால் பெடல் அடிவரை போயும் வண்டி நிற்காது.

ஓர் இடம் ஓட்டையானால் அதை மட்டும் வெட்டி ஒட்டுப்போடக் கூடாது, முழு நீளத்தையும் மாற்ற வேண்டும். அடுத்த கிளாம்பும் அதே வயதுதானே. சாதாரணச் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம்தான், ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்போடு சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த குழாய் துருப்பிடிக்காது, அழுத்தத்தையும் தாங்கும். இணைப்பில் பொருந்துவதற்காகக் குழாய் முனையை ஒற்றையாக விரித்தால் ஓரம் கிழியலாம். இரட்டை மடிப்பாக விரிப்பதுதான் சரியான முறை. குழாயை இணைப்பில் இறுக்கும் நட்டை மடிப்புக்கு முன்பே குழாயில் கோர்த்துவிட வேண்டும்.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில், அதாவது நம் வண்டிகளில் இடது பின்சக்கரத்தில், தொடங்குவார்கள். சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி நிற்கும் வரை விடக்கூடாது. ஆயில் டப்பாவும் வற்றக்கூடாது. முடித்ததும் ஒருவர் பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் ஈரம் பட்டால் அந்த முனையைக் கழற்றி மறுபடி மடிக்க வேண்டும்.