தீக்கொழுந்து இல்லாமல் எரியும் மீத்தேன்

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வாயுமானிகள் பலவற்றுக்குள் கடுகளவில் ஒரு மணி இருக்கும். பெல்லிஸ்டர் என்று பெயர். முடியைவிட மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி பீங்கான் போல இறுகிய அலுமினா என்னும் அலுமினியம் ஆக்சைடு, அந்த அலுமினாவின் மேல் எரிப்புக்கு வினையூக்கியாக கொஞ்சம் பலேடியம் உலோகம். அவ்வளவுதான். மின்சாரம் அதை 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாகவே வைத்திருக்கும். காற்றில் மீத்தேன் கலந்து வந்தால் மணியின் மேலேயே எரியும். எரிந்த சூட்டில் கம்பியின் மின்தடை கூடும், திரையில் எண் ஏறும்.

இதில் தீக்கொழுந்து எதுவும் கிடையாது. காற்றில் மீத்தேன் 5 சதவீதத்தை எட்டினால்தான் கொழுந்து விட்டு எரியும், வெடிக்கும். பெல்லிஸ்டரோ 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே அதை எரித்துக் காட்டிவிடுகிறது. தீக்குச்சியால் பற்ற வைக்க முடியாத கலவையை ஒரு கடுகு மணி எரிக்கிறது.

மீத்தேன் லேசில் மசியாத மூலக்கூறு. நடுவில் ஒரு கார்பன், நான்கு மூலையிலும் ஹைட்ரஜன், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. பிடித்து இழுக்க ஒரு நுனி கூடக் கிடையாது. ஒரு ஹைட்ரஜனைப் பிய்க்க மோலுக்கு ஏறக்குறைய 439 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். தானாகப் பற்றிக்கொள்ள 540 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஓடும் எஞ்சின்களில் இதனால்தான் தலைவலி. சிலிண்டரில் எரியாமல் தப்பிய மீத்தேன், 350 முதல் 500 டிகிரி வரையிலான புகையோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது. டீசல் வண்டிப் புகையில் நன்றாக வேலை செய்யும் பிளாட்டினம், ஆக்சிஜன் மிகுந்த இந்தப் புகையில் மீத்தேனிடம் தோற்றுப்போகும். பலேடியம்தான் கைகொடுக்கிறது.

உண்மையில் இந்தச் சூட்டில் முக்கியமாக வேலை பார்ப்பது பலேடியம் உலோகம் அல்ல, பலேடியம் ஆக்சைடு. அதன் பரப்பில் ஆங்காங்கே ஓர் ஆக்சிஜன் குறைந்து, பலேடியம் அணு வெளியே தெரியும் இடங்கள் உண்டு. மீத்தேன் அங்கே வந்து படியும்போது கார்பன் பக்கத்தை பலேடியம் பிடித்துக்கொள்ளும், ஒரு ஹைட்ரஜனைப் பக்கத்து ஆக்சிஜன் இழுத்துக்கொள்ளும். முதல் பிணைப்பு உடைந்துவிட்டால் மற்ற மூன்றும் கடகடவென்று போய்விடும். எரிக்கத் தேவையான ஆக்சிஜனை ஆக்சைடு தன் கையிலிருந்தே கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, பிறகு காற்றிடமிருந்து வாங்கி நிரப்பிக்கொள்ளும். எடை கூடிய ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். வெளிவந்த கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு ஆக்சைடிலிருந்தே வந்த ஆக்சிஜன்.

பலேடியம் விலை அதிகம் என்பதால் கட்டியாக வைத்து வீணடிக்க முடியாது. சில நானோமீட்டர் துகள்களாக்கி, ஏதாவது ஒரு தாங்கியின் மேல் தூவ வேண்டும். வழக்கமான தாங்கி காமா அலுமினா. ஒரு கிராம் தூளின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் 150 சதுர மீட்டர் வரும், ஏறக்குறைய இரண்டு பேட்மின்டன் ஆடுகளம். செய்முறையைப் பார்த்தால் சமையல்தான். டிகாஷன் நிறத்தில் இருக்கும் பலேடியம் நைட்ரேட் கரைசலை வெள்ளைத் தூளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். துளைகள் நிரம்பும் அளவுக்குத்தான் கரைசல், ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது. புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அப்புறம் உலர்த்தி, 500 டிகிரியில் சில மணி நேரம் சுட்டால் பழுப்புத் தூள் கிடைக்கும். அதில் பலேடியம் ஒன்றிரண்டு சதவீதம்தான்.

சரி, பிரச்சினை எங்கே? தண்ணீரில். ஒரு மீத்தேன் எரிந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிறக்கும். எஞ்சின் புகையில் ஏற்கெனவே பத்து சதவீதம் வாக்கில் நீராவி இருக்கும். நீர் உடைந்து ஆக்சைடின் மேல் ஹைட்ராக்சில்களாக, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டுகளாக, ஒட்டிக்கொண்டு, மீத்தேன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துவிடும். 450 டிகிரிக்குக் கீழே அவை லேசில் எழுந்து போவதில்லை. அலுமினாவும் ஈரத்தை விரும்பிப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகம். உலர்ந்த வாயுவில் சோதித்துவிட்டு ‘குறைந்த வெப்பநிலையில் முழு எரிப்பு’ என்று தலைப்பிடும் கட்டுரைகளை நான் அரை மனதோடுதான் படிப்பேன். தாங்கியை மாற்றும் முயற்சிகள் எல்லாம் இதனால்தான்: சிர்கோனியா, டின் ஆக்சைடு, தண்ணீரை அண்டவிடாத, சிலிக்கா மிகுந்த சியோலைட்டுகள் என்னும் நுண்துளைக் கனிமங்கள்.

கந்தகம் இன்னொரு எதிரி. எரிவாயு கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்துக்காகச் சேர்க்கும் பொருளிலேயே அது இருக்கிறது. பலேடியம் சல்பேட்டாக மாறிப் படுத்துவிடும்.

2012-இல் இத்தாலியின் ட்ரியெஸ்தே, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழுவினர் பலேடியத்தை ஒவ்வொரு துகளாக செரியம் ஆக்சைடு ஓட்டுக்குள் பொதிந்து, அலுமினாவின் மேல் தனித்தனியே ஒட்டவைத்தார்கள். 400 டிகிரிக்குக் கீழேயே மீத்தேன் முழுக்க எரிந்தது. 850 டிகிரி வரை சுட்டும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கவில்லை. சயின்ஸ் இதழில் வந்த அந்த முடிவு பெரிதாகப் பேசப்பட்டது, அதற்குத் தகுதியானதும்தான். ஆனால் பின்னர் நீராவியோடு சோதித்தபோது, செரியம் ஆக்சைடு ஓட்டின் மேலும் ஹைட்ராக்சில்கள் தங்கி வேகத்தைக் குறைப்பது தெரிந்தது.

பெல்லிஸ்டருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லாததற்குக் காரணம் அதன் பேட்டரி. எந்நேரமும் 500 டிகிரியில் இருப்பதால் ஈரம் அங்கே ஒட்டி நிற்க முடியாது. எஞ்சினின் புகைக்குழாய்க்கு அப்படிச் சூடேற்ற ஆளில்லை. அதனால் வேறு ஒரு வழியைச் சோதிக்கிறார்கள்: அவ்வப்போது சில நொடிகள் எரிபொருளைக் கூட்டிவிட்டு, புகையில் ஆக்சிஜன் இல்லாமல் செய்வது. ஆக்சைடு உலோகமாக மாறும்போது ஒட்டியிருந்த ஹைட்ராக்சில்கள் கழன்றுவிடும். ஆக்சிஜன் திரும்பி வந்ததும் பலேடியத்தின் மேல் புது ஆக்சைடு படரும், மீத்தேன் மறுபடி எரியத் தொடங்கும், அடுத்த ஈரம் சேரும் வரை.