அதிபருக்குப் போடும் ஓட்டும் கிரீன் கார்டு வரிசையும்

போன வாரம் ஒரு பெரியவர் மூத்த மகனோடு, அமெரிக்கக் குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் என் ஆபீசுக்கு வந்தார். கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, குடியுரிமைக்கு மனுப் போடணும், அவ்வளவுதான் வேலை என்று சொல்லி நேரம் வாங்கியிருந்தார்கள். என்-400 படிவத்தை ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக்கொண்டே வந்தேன். வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா என்ற இடம் வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "போட்டேனேம்மா, 2024-ல. விடியக்காலமே போய் வரிசைல நின்னேன்" என்றார். மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரியவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வாக்காளர் அட்டை, அதன் முதுகில் ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டிக்கர், சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. "லைசென்ஸ் எடுக்கப் போன இடத்துல ஏதோ கேட்டாங்க, சரின்னேன். அவங்களே அனுப்பினாங்களேம்மா."

கிரீன் கார்டு மட்டும் இருப்பவர் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடக் கூடாது. தெரியாமல் போட்டுவிட்டு வந்தவர்களில் இந்த வருஷம் எனக்கு இவர் மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். சின்ன மகன் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், இபி-2 (உயர்படிப்புக்காரர்களுக்கான வேலைவழி கிரீன் கார்டு) வரிசையில் 2016-ல் பதிந்த தேதி, இன்னும் முறை வரவில்லை. "இந்த ஆள் வந்தா சின்னவனுக்குச் சீக்கிரம் கார்டு வந்துரும்னு எல்லாரும் சொன்னாங்க." எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. இதே வாக்கியத்தை இரண்டு கட்சி வேட்பாளர்களைப் பற்றியும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அதிபர் யாராக இருந்தாலும் அந்த வரிசையை அவரால் உடைக்க முடியாது. வேலைவழி கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000 என்பதும், ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், எழுதிய சட்டம். இந்தியாவுக்கும் 7 சதவீதம், ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீதம். கணக்குப் போட்டால் இபி-2 பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 2,800, அதற்கு மேல் மற்றவர்கள் பயன்படுத்தாமல் விட்ட மிச்சம். அந்த 2,800-க்குள் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அடக்கம். பார்க்கப்படுவது பிறந்த நாடு, பாஸ்போர்ட் இல்லை. சென்னையில் பிறந்து கனடாக் குடிமகன் ஆனவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அதே ஆபீசில் பக்கத்து மேஜையில் அதே வேலை செய்தாலும் வேறு வரிசை. (உங்கள் மனைவியோ கணவரோ சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்தவராக இருந்தால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள், அந்த நாட்டு வரிசையில் இருவரும் போக வழி உண்டு. பத்து வருஷம் சும்மா காத்திருந்துவிட்டு வந்து சொல்கிறார்கள்.)

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 2013-ல் மேலவையான செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறிய பெரிய குடியேற்ற மசோதாவைக் கீழவை எடுக்கவே இல்லை. நாட்டுவாரி வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்று ஜெயித்தது, செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது, இரண்டையும் இணைப்பதற்குள் அந்த அவையின் காலமே முடிந்துவிட்டது. பைடன் பதவியேற்ற அன்றே ஒரு குடியுரிமை மசோதாவை அனுப்பினார், அதுவும் போன இடம் தெரியவில்லை. 2024 ஜூனில் டிரம்ப் ஒரு பாட்காஸ்டில், இங்கே கல்லூரி முடிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தானாகக் கிடைக்க வேண்டும் என்றார். அந்தத் துண்டு வீடியோ எனக்கு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வந்தது என்று எண்ண முடியாது. அடுத்த வருஷம் செப்டம்பரில், அதிபரான பிறகு, அதே டிரம்ப்தான் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஆணையிட்டார்.

அப்புறம் இன்னொரு குழப்பம். மேடையில் வேட்பாளர் "குடியேற்றம்" என்றால் நம்மவர்கள் காதில் "எச்-1பி" என்று விழுகிறது. அவர் பேசுவது தெற்கு எல்லையை. 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் அந்த எல்லையில் ஏறக்குறைய 2,50,000 பேர் பிடிபட்டார்கள், டெக்சஸ் ஆளுநர் பஸ் பஸ்ஸாக நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரியில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் நாட்டின் முதல் பிரச்சினை குடியேற்றம் என்று 28 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் மனதில் உங்கள் இபி-2 தேதி இல்லை. டெக்சஸில் எல்லையோரம் இருக்கும் ஸ்டார் கவுன்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் ஹிஸ்பானியர்கள், 1892-க்குப் பிறகு முதல் தடவையாக 2024-ல் குடியரசுக் கட்சி வேட்பாளருக்குப் போட்டார்கள். வந்தேறியவர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று நினைப்பவர்கள் அந்த ஊர்க் கணக்கைப் பாருங்கள். அதே பிப்ரவரியில் செனட்டில் வந்த எல்லை மசோதாவுக்குள் நம் பிள்ளைகள் 21 வயதானதும் வரிசையிலிருந்து விழாமல் காக்கும் ஒரு பகுதியும் இருந்தது. எல்லைச் சண்டையில் மசோதா 49-க்கு 50 என்று தோற்றது, அந்தப் பகுதியும் கூடவே போய்விட்டது.

சரி, அதிபரால் என்ன முடியும்? நிறைய. எச்-1பிகாரர்களோடு எச்-4 விசாவில் வந்த மனைவிமார் வேலை பார்க்க 2015-ல் அனுமதி வந்தது ஒபாமா நிர்வாகத்தின் விதியால், சட்டத்தால் இல்லை. 2020 ஜூனில் வெளிநாட்டிலிருந்து எச்-1பியில் வருவதை நிறுத்தியது ஒரு ஆணை. தூதரகத்தில் நேர்காணல் எத்தனை, கட்டணம் எவ்வளவு, யாரைப் பிடித்து அனுப்புவது, எல்லாம் நிர்வாகத்தின் கையில். ஓட்டுரிமை உள்ளவர்கள் வேட்பாளரிடம் இதைக் கேளுங்கள். வரிசையைப் பற்றிக் கேட்க வேண்டியவர் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர். ஓட்டுச் சீட்டில் மேலே அதிபருக்கான கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டுக் கீழே காங்கிரஸ் உறுப்பினருக்கானதைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. குடிமகனாக இல்லாவிட்டாலும் உங்கள் மனு எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அந்த உறுப்பினரின் அலுவலகத்தைக் கூப்பிடலாம், விசாரித்துத் தருவார்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடக் கூடாது. பதிவும் செய்யக் கூடாது. சிறைத் தண்டனை உண்டு, அதைவிட மோசம் நாடு கடத்தலுக்கு அது தனிக் காரணம். அட்டை அவர்களே அனுப்பினார்கள் என்பது உங்களைக் காப்பாற்றாது. எச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா) காரர்கள் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை கொடுக்காதீர்கள், நண்பர் பெயரிலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றால் பயந்துபோய் நீங்களாகக் கடிதம் எழுத வேண்டாம், என்-400-ம் போட வேண்டாம், முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

பெரியவரின் மனுவை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய்வரக்கூட வேண்டாம் என்று சொன்னபோது, "தப்புன்னு தெரியாதேம்மா" என்று அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவை இங்கே அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன், லைசென்ஸ் எடுக்க அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். வாக்காளர் பதிவையும் கேட்கும் அந்தக் கவுன்ட்டரில் கூட நில்லுங்கள், குடிமகனா என்ற கட்டத்தில் இல்லை என்று போட்டார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.