வாடை போனால் ஈரமும் போய்விட்டதா?

மழைக்காலம் பிறந்தால் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவில் இளைப்போடு வரும் குழந்தைகள் கூடிவிடுவார்கள். வீட்டில் ஸ்ப்ரே ஏதாவது அடிப்பதுண்டா என்று பெற்றோரிடம் கேட்பேன். "ரூம் ஸ்ப்ரே எல்லாம் இல்ல டாக்டர், சோபாவுக்கும் மெத்தைக்கும் அடிக்கிறதுதான்" என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு என்று அவர்கள் நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது.

அறைக்கு அடிக்கும் சாதாரண ஸ்ப்ரே பெரும்பாலும் ஒரு வாடையின் மேல் இன்னொரு வாசனையைப் பூசுகிறது, அவ்வளவுதான். துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரேக்கள் சிலவற்றில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இருக்கிறது. மாவுச்சத்திலிருந்து நொதி கொண்டு தயாரிப்பது. 1891-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் வில்லியர்ஸ் கண்டறிந்துவிட்டார். அதை வைத்து வந்த ஃபெப்ரீஸ் என்ற துணி ஸ்ப்ரே 1998-ல்தான் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. இதில் பயன்படும் சைக்ளோடெக்ஸ்ட்ரின், ஏழு குளுக்கோஸ் அலகுகள் கைகோத்து நிற்கும் வளையம். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். உட்குழி எண்ணெய்ப் பாங்கானது. வியர்வை, சிகரெட், பொரித்த எண்ணெய் இவற்றின் வாடை மூலக்கூறுகள் பலவும் எண்ணெய்ப் பாங்கானவைதான். துணி ஈரமாக இருக்கும்போது அவை அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆவியாகி மூக்குக்கு வந்தால்தானே வாடை?

ஆகவே துணி லேசாக நனையும்படி அடித்து, நன்றாக உலர விட வேண்டும். காற்றில் நாலு முறை அடித்துவிட்டுப் போனால் சென்ட் வாசனை மட்டுமே மிச்சம்.

குழிக்குள் நிற்காத வாடைகளும் உண்டு. குழந்தை மெத்தையில் சிறுநீர் போனால், பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. அமோனியா மிகச் சிறிய மூலக்கூறு, வளையத்தில் தங்காது. அதைக் கட்டுப்படுத்தத்தான் சில தயாரிப்புகளில் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆனால் பஞ்சுக்குள் ஊறிப்போன சிறுநீருக்கு மேலே அடிக்கும் ஸ்ப்ரே போதவே போதாது. உடனே துணியை வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள், தண்ணீர் தெளித்து மறுபடி உறிஞ்சுங்கள், வெயிலில் நிறுத்துங்கள். பிளீச்சிங் மட்டும் போடாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். அது நேராக நுரையீரலைத்தான் தாக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரியில் மட்டும் இளைப்பு வருகிறது என்று ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். மருந்து சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறையில் "ஒரு மாதிரி வாடை" வருவதால் தினமும் படுக்கைக்கு ஸ்ப்ரே அடிப்பதாக அம்மா சொன்னார். மெத்தையை நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெளிச்சுவரை ஒட்டிய ஓரம் நெடுக மிளகைத் தூவிய மாதிரி கறுப்புப் பூஞ்சை. சுவரில் மழைநீர் கசிவு. வாடைதான் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை. அதையும் தினமும் அமுக்கிவிட்டார்கள். பூஞ்சையின் வித்துகளை எந்த வளையமும் பிடிக்காது. மெத்தையை மாற்றி, கசிவை அடைத்த பிறகுதான் இளைப்பு குறைந்தது.

மழைநாளில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியின் முடை நாற்றமும் இந்த வகைதான். மொரக்செல்லா என்ற பாக்டீரியாவுக்கு அதில் பெரும் பங்குண்டு என்று 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, மின்விசிறியின் கீழ் சீக்கிரம் காயவைப்பதே வழி. ஈரத் துணியில் ஸ்ப்ரே அடிப்பது இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்ப்பதுதான்.

இன்னொன்று. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வாடைக்கு ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். சிலிண்டர் வாயுவில் நாற்றத்தைக் கலப்பதே கசிவு தெரியட்டும் என்றுதான். பிளக் பாயின்ட் சூடாகித் தீய்ந்தாலும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும்.

ஸ்ப்ரேயே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதிலுள்ள வாசனைப் பொருளே இருமலைக் கிளப்பலாம். அப்படிப்பட்ட வீட்டில் வாசனை சேர்க்காததைத் தேடி வாங்குங்கள்; ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தை பள்ளிக்குப் போன பிறகு அடியுங்கள். தலையணையை விட்டுவிடுங்கள், உறையைக் கழற்றித் துவைத்தாலே போதும்.

"கெமிக்கல் வேண்டாம் டாக்டர், சாம்பிராணி போடுறோம்" என்பவர்களும் உண்டு. இளைப்புக் குழந்தை இருக்கும் மூடிய அறையில் புகை போடுவதைவிட அந்த ஸ்ப்ரேயே தேவலை என்பேன். எந்தப் புகையானாலும் அதிலுள்ள நுண்துகள் நுரையீரலின் அடி வரை போகும். சாம்பிராணி வேண்டுமென்றால் பூஜையறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து.