புறக்கணிக்கப்பட்டவன் இல்ல, தள்ளுண்டவன்

தங்கச்சியின்ட மகள் வெள்ளவத்தையில எங்களோட இருந்துதான் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாவலைப் பற்றி எழுதிக் குடுக்கோணும் எண்டு பிராங்கன்ஸ்டைன் கதையைத் தமிழில வாசிச்சுக்கொண்டிருந்தவள், போன கிழமை புத்தகத்தோட குசினிக்குள்ள வந்து நிண்டாள். "பெரியம்மா, புறக்கணிக்கிறதெண்டா கண்டும் காணாத மாதிரிப் போறதுதானே, பிறகு ஏன் இதில எல்லாரும் அவனை அடிக்கினம்?"

பிள்ளைக்கு விளங்கினது மொழிபெயர்த்தவருக்கு விளங்கேல்ல. பேய்ப்படம் போட்டாலும் கீழ ஓடுற தமிழ் வரியில இதே சொல்தான், கேட்டுக் கேட்டு அலுத்துப்போனன்.

மொழிபெயர்த்தவர் "புறக்கணிக்கப்பட்டவன்" எண்டு போட்ட இடத்தில இருக்கிற ஆங்கிலச் சொல் அவுட்காஸ்ட். அவுட் எண்டா வெளிய, காஸ்ட் எண்டா எறியிறது, பழைய நோர்ஸ் மொழியில இருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சாதியைக் குறிக்கிற காஸ்ட் வேற சொல், அது போர்த்துக்கீசரின்ட காஸ்டா, வம்சம் எண்டு அர்த்தம். ரெண்டையும் ஒண்டாக்கி "தீண்டத்தகாதவன்" எண்டு எழுதுற ஆக்களும் இருக்கினம். பறையர் எண்ட எங்கட சனத்தின்ட பேரை ஆங்கிலக்காரர் பரையா எண்டு எடுத்துக்கொண்டுபோய் ஊர் ஒதுக்கின ஆளுக்கெல்லாம் வைச்சது காணாதெண்டு, நாங்களும் திரும்ப அந்தக் காயத்திலயே கை வைக்கிறதோ. அந்தச் சொல்லை இந்தக் கதைக்குள்ள கொண்டுவரவே கூடாது.

இனிப் புறக்கணிப்புக்கு வாறன். தேர்தலைப் புறக்கணிக்கிறம், கூட்டத்தைப் புறக்கணிக்கிறம், அதாவது நாங்கள் போகாம விடுறம், கணக்கில எடுக்காம விடுறம். கதையில நடக்கிறது அதுவோ? மேரி ஷெல்லி எழுதி 1818இல வெளிவந்த அந்தக் கதையில பேரே இல்லாத அந்தப் படைப்பு கண்ணைத் திறக்க, படைச்சவனே பயந்து அறையை விட்டு ஓடுறான். பிறகு அது காட்டுப்பக்கம் ஒரு ஏழைக் குடும்பத்தின்ட வீட்டோட ஒட்டின கொட்டிலுக்குள்ள ஒளிச்சிருந்து, சுவர் வெடிப்புக்குள்ளால அந்தச் சனத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சுப் பழகி, அதுகளின்ட சாப்பாட்டைக் களவெடுத்தா அதுகள் பட்டினி கிடக்கும் எண்டு விளங்கினதோட களவையும் விட்டு, ராவில விறகு வெட்டிக்கொண்டுவந்து வாசல்ல போடுது. கடைசியா ஒருநாள் மற்ற ஆக்கள் வெளிய போன நேரமாப் பார்த்து, கண் தெரியாத கிழவனுக்குப் பக்கத்தில போய் இருந்து கதைக்குது. கிழவன் அன்பாத்தான் கதைக்கிறார், அவருக்கு முகம் தெரியாது. அந்தநேரம் பார்த்து மகன் வந்து கிழவனிட்ட இருந்து இழுத்து விழுத்தித் தடியால அடிக்கிறான். ஆத்தில விழுந்த பிள்ளையைக் காப்பாத்தப்போன இடத்தில துவக்கால சூடும் வாங்குது. இதில ஆர் ஆரைக் கவனிக்காம விட்டது? எல்லாரும் வடிவாப் பார்த்துத்தான் துரத்தினவை, கண்டும் காணாத மாதிரி விட்டிருந்தா அது அந்தக் கொட்டிலுக்குள்ளயே கிடந்திருக்கும்.

"நிராகரிக்கப்பட்டவன்" எண்டும் சில பேர் எழுதினம். எங்கட ஊரில விசாவைத்தான் நிராகரிக்கிறது, கடிதத்தில வாற சொல் அது, அதில தடியடி இல்ல. வேரைப் பார்த்தா பகிஷ்கரிப்புத்தான் நேர்ப்பொருள், வடமொழியில வெளிய போடுறது எண்டு வரும், ஆனா இங்க அதைப் பணிப்பகிஷ்கரிப்புக்கு, அதாவது வேலைநிறுத்தத்துக்குக் குடுத்தாச்சு, அந்தச் சொல்லைக் கேட்டா கோட்டை ஸ்டேஷன்ல ரயில் இல்லாம நிக்கிற சனம்தான் ஞாபகம் வரும். வெளியாள் எண்டதும் சரிவராது. கொழும்பில பாதிப்பேர் வெளியாக்கள்தான், ஆரும் எங்களைத் தடியோட துரத்தேல்ல எண்டா நாங்கள் வெளியாக்கள் மட்டும்தான். நாதியத்தவன் நல்ல சொல், நெஞ்சில தைக்கும், எண்டாலும் ஆளில்ல எண்டதைத்தான் சொல்லும், தள்ளின கையைக் காட்டாது.

தள்ளுண்டவன். என்ட முடிவு இதுதான். கட்டுண்டான், வெட்டுண்டான் எண்ட மாதிரி, இதில வாற உண் சாப்பிடுற உண்தான், தள்ளினதை முழுசா வாங்கி உள்ள இறக்கினவன். எல்லாத்துக்கும் "ப்பட்ட" ஒட்டுற ஆக்கள் இந்த உண்ணை மறந்தே போச்சினம், செய்தி வாசிக்கிறவையும் அப்பிடித்தான், வெட்டுண்ட மரம் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வருகுதில்ல. தமிழ் பைபிளில எரேமியா 30ஆம் அதிகாரத்தில சீயோனை, அதாவது எருசலேம் நகரத்தை, தள்ளுண்டவள் எண்டு சொல்லியிருக்கு, அதே வசனத்தில "விசாரிப்பாரற்ற" எண்டும் வருது. அன்பு கிடைக்காததைச் சொல்ல "அன்பு மறுக்கப்பட்ட" எண்டு இழுக்கத் தேவையே இல்ல, சாப்பிட்டியா எண்டு விசாரிக்க ஒரு சீவன் இல்ல எண்டா எங்கட சனத்துக்கு அது காணும்.

பிள்ளைக்கு இவ்வளவும் சொன்னன். அந்த மகன் தடியெடுக்கிற பக்கத்தில "புறக்கணிக்கப்பட்டவன்" எண்டதைப் பென்சிலால வெட்டி மேல தள்ளுண்டவன் எண்டு எழுதினவள், கட்டுரையிலயும் அப்பிடியேதான் எழுதிக் குடுத்திருக்கிறாள். டீச்சர் அதுக்குச் சிவப்புக் கோடு போட்டா நான் நேர போய்க் கதைப்பன்.